இருபத்தேழரைச் சக்கரமும் என் சின்னவளும்

அவள் தபால்காரரோடு ஓடிப்போகவில்லை. முதலில் அதை எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா நேற்றுக்கூட வாசலில் வந்து நின்றாள். "ஏம்மா, உங்க சின்னவகிட்டேருந்து சேதி ஏதும் உண்டா? தபாலாபீஸே இப்ப அவகூடத்தானே இருக்கு, அதான் கேட்டேன்" என்றாள். எந்நேரமும் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பவள். இதைக் கேட்பதற்காக அதை எடுத்து வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்திருக்கிறாள்.

"நாப்பத்தியொரு வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சு கிடக்கு. ஓடறதுக்கு அவளால ஆகுமான்னு முதல்ல கேளு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தையல்காரம்மாவுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு கதையும் ஓடுகிறது. சின்னவள் சக்கரத்தில் கம்பியைத் தளர்வாகக் கட்டிவிட்டாளாம், அதனால் தபால்காரர் விழுந்து கை ஒடிந்ததாம், பயந்துபோய் ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டாளாம். காலை பத்து மணிக்கு, தெரு முழுக்கப் பார்க்க, முன்வாசல் வழியாகப் போனாள். அதுதான் இவர்களுக்கு ராவோடு ராவு. சரி, கையை ஒடித்தவளும் அவளே, கூட்டிக்கொண்டு ஓடினவளும் அவளே என்கிறார்களே. கையை ஒடித்தவளோடு எவனாவது ஓடுவானா? ஒரே வாயால் இரண்டையும் சொல்கிறார்கள், நடுவில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

எழுதுகிற பேத்தி என் பெரியவளின் மகள். நான் சொல்லப்போவது அவள் அப்பாவைப் பற்றியும்தான். அதனால் என்ன, எழுதட்டும். நான் மரியாதை குறையாமல்தான் சொல்வேன். மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

வீட்டைச் சொல்லிவிடுகிறேன். கீழே முன்பக்கம் சைக்கிள் கடை. மாடியில் பெரியவள் குடும்பம். கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதில் நானும் சின்னவளும். அந்த அறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. புது டயர் நாற்றம் தலையணைக்குள் வரை வரும். சோற்றிலும் வரும். இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்றத்தோடு படுத்து எழுந்தோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை கிரீஸ் கையைக் கழுவாமல் என் டம்ளரில் தண்ணீர் மோந்து குடிப்பார், அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாதது அப்புறம் வந்தது.

சின்னவளுக்குக் கல்யாணம் அமையவில்லை, அவளும் அதற்காக அழவில்லை. பத்தொன்பது வயதில் கடையில் பஞ்சர் ஒட்டப் போனாள். யாரும் அவளுக்கு எதுவும் கற்றுத் தரவில்லை. ஒருநாள் கோணிப்போன ஒரு சக்கரத்தை முழுசாகப் பிரித்துப் போட்டாள். நல்ல சக்கரம் ஒன்றைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, எந்தக் கம்பி எதற்கு மேலே போகிறது, எதற்குக் கீழே நுழைகிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினாள். மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் அது ஓடியது. அப்புறம் கோட்டம் எடுக்க வேண்டுமென்றால் கம்பிக்காரியைக் கூப்பிடு என்று ஊரே சொன்னது. கம்பிக்காரி என்பதே அவள் பெயராகிவிட்டது. விரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் சுண்டிக் காதை வைத்துக் கேட்பாள். எல்லாம் ஒரே சத்தம் கொடுக்கிற வரைக்கும் விடமாட்டாள். நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், "ஆறிப்போன சோத்தைத் தின்னு தின்னு உனக்கு நாக்கே செத்துப்போச்சுடி" என்று. "இன்னும் ரெண்டே கம்பிம்மா" என்பாள். அந்த ரெண்டு கம்பி எப்போதும் முப்பத்திரண்டாக இருக்கும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சக்கரத்தின் நடுக்குடத்தில் ஏதோ எழுத்து அச்சடித்திருக்கும். காற்றடிக்கிற ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்த எழுத்து நேராகத் தெரிய வேண்டும். அப்படிப் பொருத்தித்தான் கம்பி கட்டுவாள். ஓடுவதற்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. "அப்புறம் எதுக்குடி இந்த வேலை?" என்று கேட்டேன். "யாரோ ஒருத்தி கவனிச்சுக் கட்டியிருக்கான்னு தெரியணுமில்லம்மா" என்றாள். அது அவள் கையெழுத்து. எனக்கு எழுத்தே தெரியாது, ஆனாலும் ஓட்டை வழியாகப் பார்த்து இது இவள் கட்டியது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கையெழுத்துதான் அவளை மாட்டிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய செங்கல் சூளை மைதானத்தில் மண்ணைக் குவித்து மேடு மேடாக வைத்தார்கள். சைக்கிளில் வேகமாக ஏறி, ஆகாசத்தில் பறந்து, அடுத்த மேட்டில் இறங்குவது. டர்ட் ஜம்ப் என்று பெயர். வேலைவெட்டி உள்ள ஆட்களே லீவு நாளில் அங்கே போய்க் குதிக்கிறார்கள். சிலர் மண்ணை விட்டுத் தெருவில் படிக்கட்டிலும் கைப்பிடிச் சுவரிலும் குதிக்கிறார்கள். அதற்கென்று குட்டையான வண்டி வேண்டும், அதற்குத் தோதான சக்கரம் வேண்டும்.

சக்கரம் கேட்டு யார் வந்தாலும் சின்னவள் உயரத்தைக் கேட்கமாட்டாள், எடையைக் கேட்கமாட்டாள். "எப்படி விழுவீங்க?" என்று கேட்பாள். வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். வண்டி வாங்க வந்த இடத்தில் விழுவதைப் பற்றியா பேசுவது? ஆனால் அவள் விடமாட்டாள். முழங்கைத் தழும்பைப் பார்ப்பாள், பேன்ட்டைத் தூக்கச் சொல்லி முன்னங்காலைப் பார்ப்பாள். அப்புறம்தான் அளவு சொல்வாள்.

எனக்கே அங்குல அளவெல்லாம் மனப்பாடம். "இருபத்துநாலு சின்னதும்மா. சுண்டினா திரும்பும், படிக்கட்டு வித்தைக்கு நல்லது. ஆனா ஒரு சின்னக் குழி வந்தாலும் முட்டிக்கிட்டு நிக்கும். இருபத்தொம்போது குழியைக் கண்டுக்காம உருண்டு போயிடும். ஆனா ஆகாசத்துல அதைத் திருப்பறது பீரோவைத் திருப்பற மாதிரி. இருபத்தாறுதான் குதிக்கறவங்களுக்கு. கம்பி குட்டை, அதனால முறுக்கா நிக்கும், இறங்கும்போது நெளியாது." அப்படியென்றால் இருபத்தேழரை? "அது காட்டுப் பாதைக்கு நல்ல சக்கரம்மா. ஆனா இருபத்தாறுக்குன்னு செஞ்ச வண்டியில அதைப் போடக்கூடாது."

போடக்கூடாது என்பதைத்தான் மாப்பிள்ளை போட்டார்.

எங்கோ ஒரு கடையை மூடினார்கள். அங்கே கிடந்த இருபத்தேழரைச் சக்கரங்களை மொத்தமாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இதுதான் இப்போது புது மோஸ்தர் என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் நாலு பேர்கூட இல்லை. வந்த சக்கரங்களில் பாதி லொடலொட என்று இருந்தது. அதையெல்லாம் சின்னவள் பிரித்து, மறுபடி கட்டி, தன் வழக்கப்படி எழுத்தை ஓட்டைக்கு நேரே வைத்து அடுக்கினாள். காட்டுப் பாதைக்கு என்று நினைத்துத்தான் கட்டினாள். அதே சமயம் மைதானத்துக்காக நாற்பது குட்டை வண்டிகளும் சக்கரமில்லாமல் வந்து நின்றன, இருபத்தாறுக்கு ஆனவை. இரண்டையும் ஒரே கிடங்கில் பார்த்த மாப்பிள்ளைக்கு மூளை வேலை செய்துவிட்டது. காலுக்குச் செருப்புத் தேடுவார்கள், இவர் செருப்புக்குக் கால் தேடினார்.

ஒன்றை மாட்டி, வண்டியைத் தூக்கி நிறுத்திச் சுற்றினார். சுற்றியது. "பாத்தியா? நுழையுது, சுத்துது, எங்கயும் உரசல. அப்புறம் என்ன?" என்றார்.

சின்னவள் முன்பக்கக் காலில் இருந்த மூடியைத் திருகினாள். அந்த வண்டிகளின் முன்கால்களுக்குள் காற்றை அடைத்து வைத்திருக்கும், குதித்து இறங்கும்போது அமுங்கி அதிர்ச்சியைத் தாங்கும். அந்தக் காற்றை முழுசாக வெளியே விட்டுவிட்டுக் கைப்பிடியின் மேல் தன் எடையைப் போட்டு அழுத்தினாள். முன்பக்கம் இறங்கியது, இறங்கியது, டயர் போய் மேலே இரண்டு காலும் சேருகிற பட்டையில் நச்சென்று முட்டியது. சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. கடையிலிருந்து எந்தக் குதிக்கிற வண்டி போனாலும் இந்த அமுக்கு அமுக்காமல் அவள் அனுப்பியதில்லை.

"காத்தைப் புடுங்கிட்டு அழுத்தினா எந்த வண்டிதான் முட்டாது? எவன் காத்தில்லாம ஓட்டுவான்?"

"இருபத்தாறு முட்டாது மாமா. மேட்டுலேருந்து தப்பா இறங்கினா காத்து இருந்தாலும் இவ்வளவு அமுங்கும். அப்ப முன்சக்கரம் நிக்கும். ஆள் நிக்கமாட்டாரு."

"ஆயிரத்துல ஒருத்தன் அப்படி இறங்குவான்."

"அந்த ஒருத்தன்கிட்ட நீங்க போய்ச் சொல்வீங்களா, ஆயிரத்துல நீதான்னு?"

மாப்பிள்ளை விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு மாடிக்குப் போனார். சின்னவள் மாட்டின சக்கரத்தைக் கழற்றி வைத்தாள். பேச்சு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

தபால்காரர் வந்தது அந்த வாரத்தில். "வேலைக்கு மிதிச்சு மிதிச்சு சலிச்சுப்போச்சு. லீவு நாள்லயாவது பறக்கணும்" என்றார். எப்படி விழுவீங்க என்று இவள் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "எப்பவும் இடது பக்கம். பை அந்தப் பக்கமே தொங்கித் தொங்கி உடம்பு அப்படிச் சாஞ்சுபோச்சு" என்றார். சின்னவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபத்தாறு, கம்பி முப்பத்தாறு, ரிம் வரட்டும், பத்து நாள் கழித்து வாங்க என்று சொல்லி அனுப்பினாள். ஓடிப்போன கதைக்கு மொத்த ஆதாரமும் அந்த ஒரு சிரிப்புதான். தையல்காரம்மா அப்போது ஜிப் தைத்த பை ஒன்றைக் கொடுக்கக் கடைக்கு வந்திருந்தாள்.

பத்தாம் நாள் எனக்குக் கண் காட்ட வேண்டியிருந்தது. சின்னவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எடுத்த லீவுகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அன்றைக்குத் தபால்காரர் கடைக்கு வந்தார். மாப்பிள்ளை தன் கையாலேயே இருபத்தேழரையை மாட்டி, "கம்பிக்காரி கட்டினதுதான், ஓட்டை வழியாப் பாருங்க" என்று காட்டிக் கொடுத்தனுப்பினார். அந்த ஒரே நாளில் அவரோடு சேர்த்து ஏழு பேருக்கு ஏழு வண்டி. எங்களிடம் மூச்சு விடவில்லை. கிடங்கில் குறைந்த வண்டிகள் எங்கே என்று சின்னவள் கேட்டதற்கு, வேறு ஊர்க் கடைக்கு அனுப்பினேன், அங்கே சரியான சக்கரம் மாட்டிக்கொள்வார்கள் என்றார். தபால்காரர் வரவில்லையா என்றதற்கு, மனசு மாறிவிட்டார் என்றார். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு வந்தவளுக்குப் பொய் தெரியவில்லை.

மூன்றாவது லீவு நாளில் தபால்காரர் விழுந்தார். இடது பக்கம் விழவில்லை. முன்சக்கரம் நின்று, கைப்பிடிக்கு மேலே தூக்கி எறியப்பட்டுக் குப்புற விழுந்தார். வலது மணிக்கட்டில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். மூன்று வாரம் எங்கள் தெருவுக்குத் தபால் ஒழுங்காக வரவில்லை. வராத ஒவ்வொரு கடிதத்துக்கும் தெருவே காரணம் கேட்டது. காரணம் மாப்பிள்ளையிடம் தயாராக இருந்தது: "என் கொழுந்தியா கம்பியைச் சரியா முறுக்கல. வயசாகுது, கண்ணு தெரியல, என்ன பண்றது." இதை என்னிடமோ சின்னவளிடமோ ஒருவரும் சொல்லவில்லை. பால் வாங்கப் போன இடத்தில் பரிதாபமாக என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததும் ஒரு லீவு நாளில்தான். காலையில் மாப்பிள்ளை என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கூடத்தில் தபால்காரர் கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வண்டி சுவரில் சாய்ந்திருந்தது, மண்ணோடு. மேஜையில் ஒரு காகிதம், பக்கத்தில் மைப்பெட்டி. பெரியவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல அத்தை. அவர் வண்டியைச் செலவில்லாம சரிபண்ணித் தரோம்னு எழுதியிருக்கு. வீட்டுப் பெரியவங்க நீங்க. ஒரு கைநாட்டு வச்சா அவருக்கும் திருப்தி" என்று என் கட்டைவிரலை அவரே பிடித்து மையில் அழுத்தினார். நல்ல காரியம்தானே என்று நானும் விரலைக் கொடுத்தேன். காகிதத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் என் விரல் இருக்கும்போது சின்னவள் படியேறி வந்தாள். அவளையும் கையெழுத்துப் போடத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் முதலில் வண்டியைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தாள். அவள் காட்டுப் பாதைக்கென்று கட்டிய அதே இருபத்தேழரை. பிறகு காகிதத்தை எடுத்து, எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள். கம்பியைத் தளர்வாகக் கட்டியது தன் தவறு என்று அவள் ஒப்புக்கொள்கிறாளாம். இனிமேல் சக்கர வேலை எதையும் தொடமாட்டாளாம். வண்டியின் அளவில் குறை எதுவும் இல்லையாம். இதற்குப் பெற்ற தாய் சாட்சியாம்.

என் விரலில் மை. மலத்தை மிதித்தால் காலைக் கழுவலாம். அந்த விரலை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"என்ன பாக்கறே?" என்றாள் பெரியவள், தங்கையைப் பார்த்து. "அளவு தப்புன்னு வெளியே போனா மிச்சம் முப்பத்துமூணு வண்டியும் குப்பைக்குத்தான். கம்பி தப்புன்னா உன்னோட போயிடும். எனக்குப் புள்ளைங்க இருக்கு. உனக்கென்ன புள்ளையா குட்டியா, ஒரு கையெழுத்துதானே?"

நான் பெற்ற பெண் இவள். இதே வாய் சின்ன வயதில் தங்கைக்குத் தன் மிட்டாயைக் கடித்துப் பாதி கொடுத்தது. இப்போது அதிலிருந்து இது வருகிறது. எனக்குத் தேநீர் நாற்றமே பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

"மிச்சம் முப்பத்துமூணா? அப்ப ஏழு வித்துருக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

தபால்காரர்தான் பேசினார். "எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லம்மா. ஏன் விழுந்தேன்னு மட்டும் தெரியணும்."

சின்னவள் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். பேனா உரசவில்லை, இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "கம்பி தளர்ந்திருந்தா இது ஆடும்" என்றாள். பிறகு வண்டியை நிமிர்த்தி, மூடியைத் திருகிக் காற்றை விட்டாள். உஸ்ஸென்று கூடம் முழுக்கக் கேட்டது. கைப்பிடியில் கையை ஊன்றி அமுக்கினாள். நச். டயர் முட்டிய இடத்தில், பட்டையின் அடியில், ஏற்கெனவே கறுப்பாக ஒரு ரப்பர்த் தேய்ப்பு இருந்தது. தபால்காரர் நல்ல கையின் விரலால் அதைத் தடவினார். விரலைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள என்ன வித்தை காட்டற? காத்தைப் புடுங்கிட்டு..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். தொண்டையைக் காறி ஜன்னல் வழியாகத் துப்பினார். அந்தச் சத்தத்தோடு எனக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்தது. மரியாதை மட்டும் மிச்சம்.

"மத்த ஆறு பேர் யாருன்னு தெரியுமா?" என்று சின்னவள் தபால்காரரைக் கேட்டாள்.

"பேர் தெரியாது, முகம் தெரியும். இன்னைக்கு லீவு. அங்கதான் இருப்பாங்க, இப்ப குதிச்சிட்டிருப்பாங்க."

"நான் போய் நிறுத்தறேன். நீங்க ஆளைக் காட்டுங்க."

"படியிறங்கினா திரும்பி ஏறக்கூடாது" என்றார் மாப்பிள்ளை. "கடைப்பக்கமும் வரக்கூடாது."

அவள் இடுப்பில் செருகியிருந்த கிரீஸ் துணியை எடுத்து என் கட்டைவிரலைத் துடைத்தாள். மை போகவில்லை, கிரீஸும் சேர்ந்துகொண்டது. "நீ கீழ வாம்மா, இங்க நிக்காத" என்றாள். கீழே வந்து எங்கள் அறையிலிருந்து கம்பி முறுக்குகிற சாவியை மட்டும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டாள். துணிமணியை எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"இன்னும் ஆறே சக்கரம்மா" என்றாள்.

தபால்காரருக்கு ஒரு கைதான். காற்றில்லாத வண்டியின் முன்சக்கரம் பட்டையில் முட்டிக்கொண்டு உருளமாட்டேன் என்றது. அதனால் சின்னவள் கைப்பிடியைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டாள், பின்சக்கரம் மட்டும் தரையில் உருண்டது. அவர் நல்ல கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டார். வாசலில் வைத்து, "அப்ப என் வண்டிக்கு எது போடறது?" என்று கேட்டார் அவர். "இருபத்தாறுதான். நீங்க பக்கவாட்டுல விழற ஆளு. குப்புற விழற ஆளே இல்ல" என்றாள் இவள், திரும்பிப் பார்க்காமல். அவர் சிரித்தார்.

எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தது அவ்வளவுதான்: பட்டப்பகலில் ஒரு பெண், ஒரு ஆண், நடுவில் ஒரு சைக்கிள், சிரிப்பு. வாயில் ஊசி இருந்ததால் அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மேலேயிருந்து மாப்பிள்ளை, "அத்தை, கதவைச் சாத்துங்க, தூசி வருது" என்றார்.

நான் சாத்தவில்லை. அவள் தெரு முனை திரும்புகிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதவில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது. கடைசியில் நான் வைத்த கைநாட்டு அதுதான்.